ஆறு மாசம்தானே

“இன்னும் ஆறு மாசம்தானே அக்கா” என்று சொன்னேன். போன வருஷம் மார்ச்சில் சொன்னது. ஆறு மாதம் என்ற கணக்கில் எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தேகம் இல்லை. அந்தத் ‘தானே’ மட்டும் போக மாட்டேன் என்கிறது.

118 கிலோவில், எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவர் அந்த அக்கா. பதினோராவது மாதம் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது 74. தொங்கும் தோலை எடுக்க, ஸ்லீவ் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை பொறுக்கச் சொல்வது வழக்கம். அதிலும் கடைசி மூன்று மாதமாவது, முடிந்தால் ஆறு மாதம், எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். அவருக்கு மாதம் 2 கிலோ இறங்கிக்கொண்டிருந்தது. ஹீமோகுளோபின் 9.2, ரத்தத்தில் இருக்கும் புரதமான ஆல்புமின் 3.1, இரண்டுமே குறைவு. ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை வெட்டித் தைக்கிற ஆபரேஷன். உடம்பில் புரதம் இல்லையென்றால் அந்தத் தையல் எதைப் பிடித்துக்கொண்டு ஆறும்? சர்ஜன் “நீங்க என்ன சொல்றீங்க?” என்று என்னைக் கேட்டார். கேட்பது ஒரு மரியாதைக்குத்தான், முடிவு அவருடையது. ஆனால் உணவு ஆலோசகர் தாளில் ‘எடை இன்னும் நிலைக்கவில்லை’ என்று எழுதியது நான். அதை அக்காவிடம் எடுத்துச் சொல்லும் வேலையும் என்னிடம்தான் வந்தது.

மே மாதமே தோல் ஆபரேஷன் வேண்டும் என்று அவர் கேட்டார். பெரம்பூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், வியாபாரம் பாதியாகிவிடும். அரக்கோணத்திலிருந்து தங்கச்சி வந்து கடையைப் பார்த்துக்கொள்வாள். சீட்டுப் பணமும் கைக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். நான் யோசித்ததெல்லாம் அந்தத் தாளில் இருந்த எண்களை.

“இப்பவே பண்ணிட்டா, எடை இன்னும் இறங்கும்போது மறுபடி தோல் தொங்கும்க்கா. இன்னொரு தடவை பண்ண வேண்டியிருக்கும்.”

“மறுபடி தொங்கினா தொங்கட்டும் மேடம். இப்ப தொங்குறது போகட்டும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் “இவ்வளவு நாள் பொறுத்தீங்க, இன்னும் ஆறு மாசம்தானே” என்று வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை வயிற்றுக்குக் குறுக்கே இழுத்து விட்டுக்கொண்டு, தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தார்.

என் ஆறு மாதம் அவர் கணக்கில் ஒரு வருஷம். மே போனால் அடுத்த மே. செப்டம்பரில் ஹாஸ்டல் நிரம்பி வழியும், நவம்பரில் மழை, தங்கச்சிக்கும் அங்கே குடும்பம் இருக்கிறது. தையல் போட்டால் ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. இட்லிக் குண்டானைத் தூக்காமல் எந்த டிபன் கடை நடக்கும்? அவர் போன பிறகு, லிஃப்டுக்காக நிற்கும்போது இதெல்லாம் உறைத்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பேன்? எண்கள் மாறியிருக்காதே.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் இதே தோல் ஆபரேஷனுக்கு வந்தார். லீவு முடியப் போகிறது, ஃபிளைட் டிக்கெட் போட்டாயிற்று என்று அவசரப்பட்டார். ஸ்லீவ் முடிந்து எட்டாவது மாதம். ரிப்போர்ட் சுமாராக இருந்தது, தலையாட்டினேன். பத்தாம் நாள் தொப்புளுக்குக் கீழே தையல் பிரிந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் டிரெஸ்ஸிங். டிக்கெட்டும் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொன்ன ஆள் விடவே இல்லை. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், வெட்டிய தோலின் ஓரத்துக்கு ரத்தம் சரியாகப் போகாது. ஆக, பிரிந்ததற்குக் காரணம் என் தலையாட்டலா, அவர் சிகரெட்டா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் ‘பொறுங்கள்’ என்றுதான் எழுதுகிறேன். பொறுக்கச் சொல்லி யாருக்கும் தையல் பிரிந்ததில்லை. பொறுத்ததால் என்ன பிரிந்தது என்பது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அது எனக்கு வசதிதான். இப்படி எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

தொங்கும் தோல் என்றால் பலருக்கு அழகு சமாச்சாரம். எங்கள் வார்டிலேயே சிலர் அப்படித்தான் பேசுவார்கள். பல வருஷம் இழுபட்ட தோலில் மீள்தன்மை போய்விடும். எவ்வளவு நடந்தாலும், எந்த எண்ணெய் தடவினாலும் அது சுருங்கித் திரும்பாது. அக்காவுக்கு அடிவயிற்று மடிப்பு தொடை வரை வந்து படுக்கும். காலை நாலு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நிற்பவர். தோசைக்கல் அனல், மேலே சென்னை வெயில், மடிப்புக்குள் வேர்வை. புண்ணாகிப் பூஞ்சை வரும், மருந்து போட்டால் ஆறும், பத்து நாளில் திரும்ப வரும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மத்தியானத்துக்குள் நாலு துணி மாற்ற வேண்டுமாம். இதைச் சொன்னபோது நான் குறித்துக்கொண்டது ‘தோல் நோய் மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற ஒரே வரி.

அந்த வரியைத் தாண்டியும் ஏதாவது செய்திருக்கலாம். ஸ்லீவுக்கு அவருடைய இன்சூரன்ஸ் பணம் கொடுத்தது. தோலுக்கு, காஸ்மெடிக் என்று கையை விரித்தது. பாலிசி வாசகத்தைப் படித்தால், பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று சில விலக்குகளும் இருக்கும். கடைசி விலக்கில் நுழைவது சுலபமில்லை. ஆனாலும் மாதாமாதம் புண்ணைப் போட்டோ எடுத்து, மருந்துச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் கேட்டுப் பார்க்கவாவது முடிந்திருக்கும். இரும்பு ஊசிக்கும் அன்றைக்கே எழுதச் சொல்லியிருக்கலாம், மே மாதத்துக்குள் ஹீமோகுளோபின் ஏறியிருக்கும். எடை மட்டும் நம் சொல்லுக்கு நிற்காது. சரி, எடை நிற்கவில்லை என்றால் மற்றதெல்லாம் ஏறி என்ன பயன் என்று அன்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

சொன்னபடியே பொறுத்தார். டிசம்பரில் வந்தார். இடையில் 70 வரை இறங்கியிருக்கிறது, பிறகு ஏறி 76. தொடை உரசி உரசி நடைப்பயிற்சியை விட்டுவிட்டாராம். “மூணு மாசமா 76லயே நிக்குது மேடம். நீங்க சொன்ன மாதிரி நிலையா நின்னுடுச்சு” என்று சிரித்தார். கிண்டலா என்று பார்த்தேன். கிண்டல் மாதிரித் தெரியவில்லை. ஹீமோகுளோபின் 11.4, ஆல்புமின் 3.7. என் தாளின்படி எல்லாக் கட்டத்திலும் டிக் போடலாம். போட்டேன். சர்ஜனிடம் அனுப்பவா என்று கேட்டதற்கு, சீட்டுப் பணம் ஜூனிலேயே பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விட்டது என்றார். “அதுவும் நல்லதுக்குத்தானே மேடம்.”

அவருடைய ‘தானே’ என்னுடையதைப் போல இல்லை. அல்லது, நான்தான் அப்படிக் கேட்டுக்கொள்கிறேனோ என்னவோ.

மேயில் செய்திருந்தால்? 70 கிலோவில் மறுபடி தோல் தளர்ந்திருக்கும், அது நிச்சயம். ஆனால் மடிப்பு இல்லாமல் நடந்திருப்பார், நடந்திருந்தால் 76க்கு ஏறியிருக்கவே மாட்டார் என்றும் தோன்றுகிறது. அந்த ரத்தக் குறைவோடு செய்து தையல் பிரிந்து, ஜூன் ஃபீஸ் டிரெஸ்ஸிங்குக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், “நீ ரூல்படிதானே செஞ்ச” என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்கென்னவோ எரிச்சல் வந்தது.

போன வாரம் காலை ஆறரைக்கு அக்கா போன் செய்தார். பின்னால் கிரைண்டர் சத்தம். புரோட்டீன் பவுடர் விலை ஏறிவிட்டது, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். தினம் 60 கிராம் புரதம் வர வேண்டும் என்றால் காலையில் இரண்டு முட்டை, அதில் 12 வரும், மத்தியானம் மீன், சாயங்காலம் சுண்டல், ராத்திரி பனீரோ சோயாவோ என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். “சுண்டல் கடையிலேயே போடுறேன் மேடம், மிச்சமாகுறதைச் சாப்பிட்டுக்குறேன்” என்றார். மிச்சம் ஆவதைச் சாப்பிடாதீர்கள், உங்களுக்கு முதலில் எடுத்து வையுங்கள் என்றேன். சரி சரி என்றார்.

மே வர இன்னும் மூன்று வாரம். தங்கச்சி வருகிறாளா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் யாரோ இரண்டு பொங்கல் பார்சல் கேட்டார்கள், போனை வைத்துவிட்டார்.