தாய் கிளாஸில் போட்ட ஒரு வரி

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்துதான் இந்த பில்லிங் சாஃப்ட்வேரை எழுதினேன். முதலில் வந்தவர் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிற டைல்) போடுகிற பட்டறைக்காரர், அடுத்தவர் கண்டாங்கிச் சேலையோடு ரவிக்கைத் துணியும் விற்கிற கடைக்காரர். இரண்டு பேருக்கும் அளவு, விலை, தொகை என்று ஒரே கணக்குதானே என்று நினைத்து, 'சரக்கு' என ஒரு தாய் கிளாஸ் (பொதுக் கணக்கை வைத்திருக்கிற கோட் தொகுப்பு) எழுதி, கல்லையும் துணியையும் அதிலிருந்து எக்ஸ்டெண்ட் பண்ணிவிட்டேன், அதாவது தாயில் இருப்பதெல்லாம் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தானாக வரும்.

நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பட்டறைக்காரர் கூப்பிட்டு, "தம்பி, சதுர அடியைக் கல்லுக்கு மாத்தினா 216.4 கல்லுன்னு வருது, கல்லை உடைச்சா கொடுக்க முடியும்? முழுக் கல்லா ஏத்திப் போடுங்க" என்றார். ஒரு வரி வேலை. தாய் கிளாஸில் போட்டேன். மறுநாள் துணிக்கடையில் 0.8 மீட்டர் ரவிக்கைத் துணிக்கு முழு மீட்டர் காசு பில் ஆனது. வாங்கிய அம்மா கேட்டதால்தான் தெரிந்தது, கடைக்காரர் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாவா என்கிற புரோகிராமிங் மொழியிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ஸ்டாக் என்றால் கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஆனால் ஜாவாவின் ஸ்டாக் கிளாஸ், எந்த இடத்திலும் செருக விடுகிற வெக்டர் என்ற பட்டியல் கிளாஸிலிருந்து பிறந்ததால் நடுவில் எதையும் செருகிவிடலாம். எழுத வேண்டிய கோட் மிச்சமாகும் என்று தாய்-பிள்ளை உறவு வைத்தால் வேண்டாத மெத்தடும் (கிளாஸ் செய்கிற வேலை) கூடவே வந்துவிடும். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு தாய் கிளாஸ்தான், அந்த ஒரே இடமும் இதற்கே போய்விடும்.

இங்கே பெரிய வீடுகளில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது, உலை மட்டும் தனி. அன்றைக்கு ராத்திரி அதை நினைத்துக்கொண்டேதான் புரோகிராமைப் பிரித்தேன். பில் தொகையை ரூபாய்க்கு ரவுண்டு செய்வது, அதை எழுத்தில் எழுதுவது இரண்டையும் தனித்தனி கிளாஸாக்கி, கன்ஸ்ட்ரக்டர் (கிளாஸிலிருந்து ஒன்றை உருவாக்கும்போது ஓடுகிற கோட்) வழியாகக் கல், துணி இரண்டு கிளாஸுக்கும் கொடுத்தேன். அளவுக் கணக்கை அவரவர் கிளாஸிலேயே விட்டேன்.

இப்போது இரண்டிலும் ஆறேழு வரி ஒரே மாதிரி இருக்கிறது. பார்த்த நண்பன், "டூப்ளிகேட்டா இருக்கே, சேர்த்துடலாமே" என்றான். கல் விதி மாறினால் துணியும் மாற வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். துணிக் கிளாஸுக்கு நான் எழுதிய முதல் டெஸ்ட், 0.8 மீட்டர்.