முன்பின் தெரியாதவருக்கு எழுதிய மூன்று வரி

யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையிடம் வீட்டில் முதலில் கேட்பது, "அங்க ஆரையும் தெரியுமே?" என்பதுதான். 2019 இல் பட்டம் பெற்ற கையோடு நானும் மாமாவின் நண்பர், பழைய மாணவர் சங்கத்து அண்ணாமார், கொழும்பில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சுயவிபரக் கோவையைக் கொடுத்தேன். மனதார உதவ முன்வந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்ன வெற்றிடங்கள் அனைத்தும் நான் ஏற்கெனவே விண்ணப்பித்தவையாகவே இருந்தன.

அது ஏன் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973 இலேயே விளக்கியிருக்கிறார். நெருங்கியவர்கள் ஒரே வட்டத்துக்குள் புழங்குவதால் ஒரே செய்தியையே அறிந்திருப்பார்கள் என்பதும், புதிய செய்தி ஓரளவு மட்டும் அறிமுகமானவர்களிடமிருந்தே வரும் என்பதும் அவருடைய வாதம். தொழில் சார்ந்த தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னின் பயனாளர் ஏறத்தாழ 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் அவதானித்து, 2022 இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. ஒரு திருத்தத்தையும் அது சேர்த்தது: அதிகம் பயன்பட்டவர்கள் முற்றிலும் அந்நியர்கள் அல்லர், பொதுவான சில அறிமுகங்களைக் கொண்டவர்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, ஆனால் பேசியே பழகாத மூத்தவர் என்று நான் இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் புரிந்துகொள்கிறேன்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் என் லிங்க்ட்இன் பக்கத்தின் தலைப்பில் "வேலை தேடும் பட்டதாரி" என்று எழுதிவிட்டு, ஒரே செய்தியை நாற்பது பேருக்கு அனுப்பினேன். பதில் போட்டவர் ஒருவர் மட்டும். எங்கள் பீடத்தில் எனக்கு ஆறு வருடம் மூத்த அண்ணா. "தங்கச்சி, நீர் என்ன செய்வீர் எண்டு இதில ஒண்டும் இல்லையே" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி அன்று மனதைச் சுட்டது. இன்று வரை அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

தலைப்புக்கு அங்கே 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. மென்பொருள் சோதனை என் துறை என்பதையும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையின் மரக்கறி விலைகளை அன்றாடம் பதியும் செயலியை இறுதியாண்டில் செய்தேன் என்பதையும் அதில் எழுதினேன். பிறகு, பணம் செலுத்தும் பக்கங்களைச் சோதிப்பது பற்றித் தொடர்ந்து எழுதிவந்த ஓர் அக்காவுக்கு, வேலை என்ற சொல்லே இல்லாமல் மூன்று வரி அனுப்பினேன்: "உங்கள் பதிவை வாசித்தேன். என் செயலியில் இணைப்பு இடையில் அறுந்தால் ஒரே விலை இரண்டு தரம் பதிவாகிறது. இதை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்?" இரண்டாம் நாள் பதில் வந்தது. அவர் சொன்னபடி செய்து பார்த்து, கிடைத்த முடிவையும் மறக்காமல் எழுதினேன். கேட்டவர் திரும்பி வந்து சொல்வது அவருக்கு அரிதாகவே நேர்ந்திருக்க வேண்டும். நான்கு மாதம் கழித்து, விளம்பரத்துக்கு வராத ஒரு வெற்றிடத்தை அவரே எனக்கு அறிவித்தார். நேர்முகப் பரீட்சையில் என்னிடம் அதிகம் கேட்டதும் அந்த மரக்கறிச் செயலியைப் பற்றித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே தளத்தில் வெளிநாட்டு வேலை என்று வந்து, விசாவுக்கு முற்பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் காணியை ஈடு வைத்து ஏமாந்த குடும்பங்களை நான் அறிவேன். முகவரிடம் உரிமம் இருக்கிறதா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உறுதிப்படுத்தாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

இப்போது எனக்கும் செய்திகள் வருகின்றன. போன கிழமை வடமராட்சித் தம்பி ஒருவர் "வேலை இருந்தால் சொல்லுங்கோ அக்கா" என்று எழுதியிருந்தார். நீர் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டும் என்று கேட்டேன். பருத்தித்துறை பஸ் நேரங்களைக் காட்டும் சிறிய பக்கம் ஒன்றை அன்றிரவே அனுப்பினார். அதில் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன். திருத்தியதும் எங்கள் குழுத் தலைவருக்கு அவரை அறிமுகப்படுத்துவேன்.