ஜெர்மனியில் படித்து, அங்கேயே தொழில் தொடங்க விரும்புவோருக்கு

ஜெர்மனிக்கு முதுநிலைப் படிப்புக்கு வரும் நம் மாணவர்களில் பலர், முதலில் படிப்பு, பிறகு வேலை, அதற்கும் பிறகு சொந்தத் தொழில் என்று வரிசைப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். தொழில் தொடங்கும் எண்ணம் உறுதியாக உள்ளவர்களுக்கு இந்த வரிசை உதவாது. அந்நாட்டின் குடியிருப்புச் சட்டத்தில் சுயதொழில் அனுமதியைப் பற்றிப் பேசும் 21ஆம் பிரிவு, ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கு ஒரு சலுகை தருகிறது. மற்ற விண்ணப்பதாரர்கள் தங்கள் தொழிலால் நாட்டுக்கோ வட்டாரத்துக்கோ பொருளாதாரப் பயன் உண்டு என்று நிறுவ வேண்டியிருக்க, பட்டதாரிகளிடம் முதன்மையாகக் கேட்கப்படுவது, தொடங்கவிருக்கும் தொழிலுக்கும் படிப்பில் பெற்ற அறிவுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான். ஆகவே, எந்தத் தொழிலுக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்பது பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

நான் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் ஜவுளித் துறையில் முதுநிலை படித்தேன். ரைன் பகுதியின் மான்செஸ்டர் என்று ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஊர் அது. கோவையிலிருந்து சென்றவனுக்கு அந்த அடைமொழி புதிதில்லை. திருப்பூர்ப் பின்னலாடைகளை இறக்குமதி செய்து விற்பது என் நோக்கமாக இருந்ததால், துணிகளின் தரச் சோதனை, சாயமேற்றுதல் ஆகியவை தொடர்பான விருப்பப் பாடங்களை எடுத்துக்கொண்டு, ஆய்வேட்டையும் அதையொட்டியே எழுதினேன். அனுமதிக்கு விண்ணப்பித்தபோது வணிகத் திட்டத்துடன் மதிப்பெண் பட்டியலையும் ஆய்வேட்டின் சுருக்கத்தையும் இணைத்ததால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிக விளக்கம் தேவைப்படவில்லை. இதே தொழிலை மனத்தில் வைத்துக்கொண்டு, வேலைவாய்ப்பு அதிகம் என்பதற்காகத் தரவு அறிவியல் படித்த நண்பர் ஒருவர், இணையக் கடைகளுக்கான மென்பொருள் சேவை என்று தம் திட்டத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அது அவருக்கு நன்றாகவே அமைந்தது என்பது வேறு செய்தி.

சேர்க்கைக்கான நடைமுறைகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோவுக்கு மேல் கைக்கு வராது. வாடகைக்கும் காப்பீட்டுக்குமே அது போய்விடும் என்பதால், அதில் மிச்சம் பிடித்துத் தொழிலுக்கு முதல் சேர்க்கலாம் என்று கணக்குப் போடுவது வீண்.

படிக்கும் காலத்தில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். ஆனால் அது சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்குத்தான் பொருந்தும். ஊரிலிருந்து சேலைகளை வரவழைத்து இலாபம் வைத்துத் தொடர்ச்சியாக விற்பதுகூடச் சுயதொழிலாகவே கருதப்படும். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். ஆகவே மாணவப் பருவத்தில் விற்பனையை விட்டுவிட்டு, அந்தத் துறையில் இயங்கும் ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்வதே நல்லது. கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தபோதுதான், ஒரு ஜெர்மன் கடைக்காரர் விலையைப் பேசுவதற்கு முன்பே சோதனைச் சான்றிதழ்களைக் கேட்பார் என்பதையும், ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசுபவர்கள்கூட ஒப்பந்தத்தை ஜெர்மன் மொழியில்தான் அனுப்புவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டேன். படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தாலும், பி2 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலைக்கு மேற்பட்ட நிலை) வரையாவது ஜெர்மன் கற்றுக்கொள்ளாமல் வணிகத்தில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டம் பெற்ற பின் வேலை தேடுவதற்கென வழங்கப்படும் 18 மாத அனுமதியையும் இத்தகைய ஆயத்தங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் வடிவத்தைப் பொறுத்தவரை, ஜி.எம்.பி.எச். எனப்படும் வரையறுக்கப்பட்ட நிறுவனத்துக்கு 25,000 யூரோ மூலதனம் வேண்டும். பதிவின்போது அதில் பாதியையாவது செலுத்தியிருக்க வேண்டும். யூ.ஜி. என்ற சிறு வடிவத்தை ஒரு யூரோவிலும் தொடங்கலாம் என்றாலும், மூலதனம் 25,000 யூரோவை எட்டும் வரை ஆண்டு இலாபத்தில் கால் பங்கை ஒதுக்கிவைத்தாக வேண்டும். ஒரு யூரோ மூலதனத்துடன் வரும் நிறுவனத்துக்குக் கடனில் சரக்குத் தர எவரும் முன்வருவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்மையான சோதனை விற்பனை தொடங்கிய பிறகுதான் வருகிறது. இறக்குமதிக்கு ஈ.ஓ.ஆர்.ஐ. எனப்படும் சுங்க அடையாள எண் வேண்டும், ஆடையில் நூலிழைகளின் விகிதத்தை ஜெர்மன் மொழியில் குறிப்பிட வேண்டும், அட்டைப் பெட்டியும் உறையும் உட்பட, பொதியும் பொருள்களுக்காக லூசிட் எனப்படும் ஜெர்மன் பொதிப்பொருள் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இணையக் கடையில் நிறுவன விவரப் பக்கம் குறைபாடாக இருந்தால், போட்டியாளரின் வழக்கறிஞரிடமிருந்து கட்டணச் சீட்டுடன் கூடிய எச்சரிக்கைக் கடிதம் வரக்கூடும். இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் வாங்குதலை இரத்துச் செய்யலாம். ஆடை விற்பனையில் அளவு பொருந்தாமல் திரும்பி வருபவை மிகுதி என்பதால், திரும்பும் சரக்குக்கான செலவையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும். முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 25,000 யூரோவைத் தாண்டாத சிறு வணிகர்கள் மதிப்புக்கூட்டு வரி வசூலிப்பதிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் அவ்விலக்கைப் பெற்றவர், சுங்கத்தில் ஆடைகளுக்குக் கட்டிய 19 விழுக்காட்டு இறக்குமதி மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இறக்குமதியாளருக்கு அது பெரும்பாலும் நட்டமே.

முதலாளியாகிவிட்டால் மருத்துவக் காப்பீட்டின் முழுத் தொகையும் நம் தலையில்தான்; ஊழியருக்குப் பாதியைச் செலுத்த நிறுவனம் இருப்பதுபோல் நமக்கு யாருமில்லை. தனிநபராகத் தொழில் செய்பவருக்கு வருமான வரி இன்னும் தந்திரமாக வருகிறது. முதல் ஆண்டுக் கணக்கு பரிசீலிக்கப்பட்டதும், அந்த ஆண்டுக்கான வரியையும் நடப்பாண்டுக்கான முன்பணத்தையும் வரி அலுவலகம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கேட்கும். முன்பணத் தவணைகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10ஆம் தேதியில் வரும். வரும் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்தே அடுத்த சரக்குக்குத் திருப்பூருக்குச் சொல்வதை, முதல் விலைப்பட்டியல் எழுதிய நாளிலிருந்தே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.