நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன்

காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று எழுதுவது எளிது. நீலப் பரப்பில் சிவப்பாக, மெலிந்த கோல்களாகக் கிருமிகள் கண்ணில் பட்டுவிடும். நிறைய இருந்தால் இருபது ஃபீல்டிலேயே (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு) 3+, அதாவது மிக அதிகம், என்று முடித்துவிடலாம். நெகட்டிவ் எழுதத்தான் பொறுமை வேண்டும். நூறு ஃபீல்டு பார்க்க வேண்டும் என்பது விதி. ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் எண்ணெய் லென்ஸுக்குக் கீழே, சளி தடவிய கண்ணாடிச் சிலைடை மெல்ல நகர்த்தி, ஒன்றுமில்லாத நூறு வட்டங்களைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். தொண்ணூறாவது வட்டத்தில் ஒன்றே ஒன்று கிடந்தாலும் அதை எண்ணி எழுதியாக வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேபில் எனக்கு இதுதான் வேலை. சளியைப் பரப்பிக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி எழும் வரை கீழிருந்து தீ காட்டி (கொதித்துவிடக் கூடாது), ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி, அமிலத்தால் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலம் ஊற்ற வேண்டும். காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகுத்தன்மை கொண்டது என்பதால், ஏறிய சிவப்பை அமிலத்துக்கும் விட்டுக்கொடுக்காது. அந்தப் பிடிவாதத்தால்தான் அது மாட்டிக்கொள்கிறது. இப்போது கிருமியின் மரபணுவையே தேடிக் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் மருந்து சாப்பிடுகிறவரின் சளியில் கிருமி குறைந்திருக்கிறதா என்று பார்க்க இந்தச் சிலைடு இன்னும் வேண்டியிருக்கிறது.

நான் நூறு பார்த்தேனா, நாற்பதோடு எழுந்துவிட்டேனா என்பது யாருக்கும் தெரியாது. சில சிலைடுகள் மறு ஆய்வுக்குப் போகும். மற்றவை பெட்டியிலேயே கிடக்கும். என்னை வேலைக்குப் பழக்கிய அண்ணாச்சி, "பிள்ளை, நீ நாற்பதில் எழுந்துவிட்டால் மீதி அறுபதில் இருக்கிறவனை யார் பார்ப்பது?" என்பார். அண்ணாச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனுக்கு விளக்குப் போடுகிறவர். பைபிளில் உள்ள பவுலின் நிருபங்களை, அதாவது கடிதங்களை, வாசித்திருக்க வழியில்லை. ஆனாலும் அவற்றில் ஒன்றான கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்', அதாவது பிறர் பார்க்கும்போது மட்டும் வேலை செய்யாமல், என்று வரும் இடம் எனக்குப் புரிந்தது அவரால்தான்.

வேலையில் மகிழ்ச்சி என்று பிரசங்கத்தில் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சளி டப்பாவைத் திறக்கும்போது எந்த மகிழ்ச்சியும் வருவதில்லை. மூக்கை மூடிய முகக்கவசம்தான் நினைவில் இருக்கும். ஆனால் முப்பதாவது, நாற்பதாவது ஃபீல்டைத் தாண்டியதும் வீட்டுக் கவலை, சம்பளக் கணக்கு எல்லாம் விலகி, கண்ணும் கையும் மட்டும் மிஞ்சும் ஒரு நிலை வருகிறது. ஜெபத்தில்கூட எனக்கு அவ்வளவு எளிதில் மனம் ஒருமுகப்படுவதில்லை. ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலை இரண்டாம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. நெற்றி வேர்வை சிந்தி உழைக்க வேண்டும் என்ற சாபம், மனிதன் பாவம் செய்த பிறகு, மூன்றாம் அதிகாரத்தில்தான். அந்த முதல் வேலையின் மிச்சம் ஏதோ லென்ஸுக்கடியிலும் இருக்கிறது என்று நம்புகிறேன். இரண்டு மாத மருந்துக்குப் பிறகு, முன்பு 3+ இருந்த எண்ணுக்கு எதிரே நெகட்டிவ் என்று எழுதும் நாளில் வாய்விட்டே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவேன். அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அதே கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் வரும் 'கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்ற வசனம் அடிமைகளுக்கு எழுதப்பட்டது. அதைச் சம்பளம் உயர்த்தாமல் இருப்பதற்கும் கூடுதல் ஷிப்டைத் தலையில் கட்டுவதற்கும் எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் புரட்டுவதே இல்லை. எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார், ஆகவே வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று அங்கே இருக்கிறது. மே தினத்தை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில் அதையும் சேர்த்து வாசிக்கும்படி எங்கள் சபை ஐயரிடம் (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) கேட்டிருக்கிறேன். "பார்ப்போம் அம்மா" என்றிருக்கிறார்.