டெமியன் மாயாவின் ஒற்றைக்கால் பிடி: கபடிக்காரர்கள் கவனிக்க

2016 ஆகஸ்ட் 27, வான்கூவர். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. கூண்டுச் சண்டை; நடத்துவது யு.எஃப்.சி. என்ற அமெரிக்க நிறுவனம். சுற்று தொடங்கிய கையோடு டெமியன் மாயா தாழ்ந்து பாய்ந்து கார்லோஸ் காண்டிட்டின் ஒரு காலைக் கட்டிக்கொள்கிறார். காண்டிட் இடுப்பைப் பின்னால் இழுத்து, பாரத்தை மாயாவின் முதுகில் போட்டு, விழாமல் நிற்கப் பார்க்கிறார். மாயா மல்லுக்கட்டவில்லை. தானாகவே கீழே போய், அந்தக் காலுக்கு அடியில் உருண்டு, காண்டிட்டைச் சாய்த்துவிட்டு மேலே வருகிறார். அடுத்து முதுகு, அதற்கடுத்து கழுத்து. 1 நிமிடம் 52 நொடியில் காண்டிட் தட்டிவிட்டார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒத்துக்கொண்டார். அதே ஆண்டு ஜனவரியில் பட்டத்துக்காக ராபி லாலரோடு ஐந்து சுற்றும் சளைக்காமல் அடித்துக்கொண்ட ஆள் அவர். இங்கே உருப்படியாக ஒரு குத்து விடக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

எம்.எம்.ஏ. பக்கம் புதிதாக வரும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் போட்டுக்காட்ட வேண்டியது இந்தச் சண்டைதான். குத்துச்சண்டைக்காரர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்றாலும், பொங்கல் விளையாட்டு விழா, அம்மன் கோயில் கொடை, ஆலயத் திருவிழா என்று கபடி ஆடியே வளர்ந்த உடம்புக்குக் கால் பிடிப்பது கூடவே வரும். அடிமுறை ஆசானிடம் பூட்டு படித்தவர்களுக்கு மூட்டு எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் மடங்காது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்களுக்கு மாயாவின் வழி மற்ற எவருடையதையும் விட எளிதாகப் பிடிபடும்.

மாயா சாவோ பாலோக்காரர், 1977-இல் பிறந்தவர். தரையில் பிடித்துப் பூட்டுகிற கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை 19 வயதில்தான் தொடங்கினார். கறுப்புப் பட்டைக்குச் சாதாரணமாகப் பத்து ஆண்டு பிடிக்கும்; இவர் ஐந்து ஆண்டுக்குள் வாங்கிவிட்டார். 2007-இல் குத்தில்லாமல் பிடியும் பூட்டும் மட்டுமான ஏ.டி.சி.சி. போட்டியில் 88 கிலோவுக்குட்பட்ட பிரிவில் தங்கம். அதே ஆண்டு அக்டோபரில் யு.எஃப்.சி.க்குள் நுழைந்து, 84 கிலோ பிரிவில் முதல் ஐந்து பேரையும் பூட்டுப்போட்டே தோற்கடித்தார். ஐந்தாவது ஆள் சேல் சொன்னன், 2009 பிப்ரவரி, லண்டன். நின்றபடி கட்டிப்பிடித்த நிலையிலிருந்து பக்கவாட்டில் எறிந்து நேராக நெஞ்சின் மேல் இறங்கினார். அங்கிருந்தே கால்களால் முக்கோணம் போட்டுக் கழுத்தை நெரித்தார். மல்யுத்தக்காரரை அவருடைய பிடியிலேயே எறிந்தது அந்த மேடையில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நேட் மார்க்வார்ட் ஒரே குத்தில் 21 நொடியில் மாயாவை விழவைத்தார். மாயா உதைக்கக் காலைத் தூக்கிய சமயம் நேராக வந்த வலக்கைக் குத்து அது. அதற்குப் பிறகு மாயா நின்று அடிக்கப் பழகினார். பழகியதில் தப்பில்லை, ஆனால் அதையே முதல் ஆயுதமாக்கியதுதான் கோளாறு. 2009 பிப்ரவரிக்கும் 2012 அக்டோபருக்கும் இடையில் ஒரு பூட்டு வெற்றிகூட அவர் கணக்கில் இல்லை. 2010 ஏப்ரலில் அபுதாபியில் ஆண்டர்சன் சில்வாவோடு பட்டச் சண்டை: சில்வா ஆட்டம்போட்டுக் கிண்டலடிக்க, மாயா முகம் வீங்கி, ஐந்து சுற்று முடிவில் புள்ளியில் தோற்று இறங்கினார். கடைசிச் சுற்றில் சண்டை போடச் சொல்லி நடுவர் எச்சரித்தது சாம்பியனைத்தான். பின்னர் மார்க் முனோஸிடமும் கிறிஸ் வைட்மேனிடமும் புள்ளியில் தோல்வி. எதிராளிகள் எல்லாம் அவரைவிடப் பெரிய உடம்பு. பிடித்தாலும் கீழே கொண்டுவர முடியவில்லை.

2012-இல் 77 கிலோவுக்கு இறங்கினார். அக்டோபரில் ரியோவில் ரிக் ஸ்டோரியின் முதுகேறி, தாடையோடு சேர்த்து முறுக்கியதில் மூக்கிலிருந்து ரத்தம் தெறித்தது. 2013 பிப்ரவரியில் ஜான் ஃபிட்ச். மற்றவர்களைக் கம்பியோரம் ஒட்டிவைத்து அரைப்பதே தொழிலாக இருந்த ஃபிட்ச்சை, மூன்று சுற்றும் மாயா அதே மாதிரி அரைத்தார். மூன்று நடுவர்களும் மாயாவுக்கு 30-27. பூட்டு விழவில்லை என்று இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஆனால் பாடம் படிக்க இதைவிட நல்ல சண்டை அவரிடம் இல்லை.

இனி பிடிக்கு வருவோம்.

கபடியில் கார்னர் ஆள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினால் போதும், செயினில் நிற்கிறவர்கள் வந்து விழுவார்கள். கூண்டுக்குள் நமக்குத் துணை இல்லை. கணுக்காலை மட்டும் பிடித்தால் எதிராளி முழங்காலை வெளியே திருப்பி, காலைத் தளர்த்தி உருவிக்கொண்டு போவார். மாயாவின் கை முழங்காலுக்குப் பின்னால்தான் கோத்துக்கொள்ளும். உள்ளங்கை உள்ளங்கையைப் பற்றும், விரல்கள் பின்னிக்கொள்ளாது. தலை எதிராளியின் உடம்புக்கு உள்பக்கம், நெற்றியோரம் அவர் விலாவில் அழுந்தியிருக்கும். தலை வெளிப்பக்கம் போனால் கழுத்து கில்லட்டினுக்கு, அதாவது முன்பக்கமிருந்து கையால் நெரிக்கும் பிடிக்குத் தானம். தலைக்கும் விலாவுக்கும் இடையில் இடைவெளி விட்டால் எதிராளி முழங்கையை நுழைத்து முகத்தைத் தள்ளிவிடுவார். அதோடு பிடி பாதி போச்சு. கபடிக்காரர்களுக்கு இந்தத் தலை விஷயம்தான் தகராறு. அவர்கள் தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்துப் பழகியவர்கள்.

எதிராளி இடுப்பைப் பின்னால் எறிந்து மேலே படுத்தால், பெரும்பாலானவர்கள் பலம்கொண்ட மட்டும் தள்ளி மூச்சுமுட்டுவார்கள். மாயா அங்கே ஹாஃப் கார்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். எதிராளியின் ஒரு கால் தன் இரண்டு கால்களுக்கு நடுவில். தன் ஒரு கை அவர் அக்குளுக்கு அடியில். ஒருக்களித்துத்தான் இருக்க வேண்டும். முதுகு பாயில் மல்லாந்து ஒட்டிவிட்டால் மேலே இருப்பவர் தோளால் தாடையை நசுக்கி முகத்தைத் திருப்பிவிடுவார், பிறகு எழ வழியே கிடையாது. ஒருக்களித்த நிலையிலிருந்து அடியில் நுழைந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டு முட்டிபோட்டால் மறுபடி சிங்கிள் லெக், அதே ஒற்றைக்கால் பிடி. அதாவது விழுந்த இடமே இரண்டாவது பாய்ச்சலுக்குத் தொடக்கம்.

இப்போது எதிராளிக்கு வழி இரண்டு. மல்லாந்து விழலாம், அல்லது திரும்பி எழுந்து ஓடப் பார்க்கலாம். மல்யுத்தம் படித்தவர்கள் முதுகு தரையில் படக்கூடாது என்ற பழக்கத்தில் திரும்புவார்கள். மாயா காத்திருப்பது அதற்குத்தான். ஒரு கை தோளுக்கு மேலே, மறுகை அக்குளுக்கு அடியில், இரண்டும் நெஞ்சில் கோக்கும். முதலில் ஒரு ஹூக்: பின்னாலிருந்து குதிகாலை எதிராளியின் தொடைக்கு உள்பக்கம் கொக்கியாகப் போடுவது. பிறகு பாடி ட்ரையாங்கிள்: ஒரு காலை வயிற்றைச் சுற்றிப் போட்டு, அந்தப் பாதத்தை மறுகாலின் முழங்கால் மடிப்பில் பூட்டுவது. கால் குட்டையாக இருந்தால் பாதம் முழுசாக உள்ளே போகாது, நுனியில் நிற்கும். எதிராளி பூட்டுக் காலின் பக்கமாகச் சாய்ந்து இடுப்பைத் தூக்கினால் கணுக்கால் அழும். அப்படிப்பட்டவர்கள் இரண்டு ஹூக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பாதங்களைக் குறுக்கே பின்னக்கூடாது, எதிராளி தன் காலை அதன்மேல் போட்டு நெரித்தால் நாம்தான் தட்ட வேண்டிவரும்.

கழுத்து நெரிப்பில் அவசரம் கூடாது. மேலே போன கையின் முழங்கை மடிப்பு தாடைக்கு நேர் கீழே வரவேண்டும். ஒரு பக்க ரத்தக்குழாயைப் புஜமும் மறுபக்கத்தை முன்கையும் அடைக்கும். சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் மயக்கம் வரும், அதனால் பயிற்சியில் தட்டிய மறுநொடி விடவேண்டும். முன்கை எலும்பு மூச்சுக்குழல் மேல் விழுந்தால் வலிக்கும், இருமுவார், தூங்கமாட்டார். மறுகை தலைக்கு மேலே தெரிந்தால் எதிராளி அதைப் பிடித்து இறக்கிவிடுவார். பிடரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கவேண்டும். தாடையை இறக்கி மறைப்பவர்களிடம் மாயா சிறுசிறு குத்தாகப் போட்டுக்கொண்டே இருப்பார். முகத்தைக் காக்கக் கை எழும்போது கழுத்தில் இடம் கிடைக்கும். 2016 மே மாதம் குரிடிபாவில் மேட் பிரவுனை இப்படித்தான் மூன்று சுற்று முதுகிலேயே சுமக்கவைத்து, கடைசி மணிக்கு அரை நிமிடம் இருக்கும்போது முடித்தார்.

இவ்வளவு சொன்னபின் ஓட்டையையும் சொல்லவேண்டும். தொடர்ந்து ஏழு வெற்றிக்குப் பிறகு 2017 ஜூலையில் அனஹைமில் டைரன் உட்லியோடு பட்டச் சண்டை. இருபதுக்கும் மேற்பட்ட முறை மாயா பாய்ந்தார். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. உட்லி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மாயா பாயும்போதே இடுப்பைப் பின்னிழுத்து, மாயாவின் கைக்கு மேலாகத் தன் கையை முறுக்கி நுழைத்து, தலையைத் தள்ளி காலை உருவினார். மாயா கீழே உட்கார்ந்தபோது மேலே போய் விழாமல் ஓரடி பின்வாங்கி நின்றார். ஹாஃப் கார்டுக்கு எதிராளி வேண்டும். ஆள் வராவிட்டால் தரையில் உட்கார்ந்தவருக்குச் சோலியே இல்லை. அதே ஆண்டு கோல்பி கவிங்டனும், 2018 மே மாதம் சாந்தியாகோவில் கமாரு உஸ்மானும் இதே பாடத்தைத் திருப்பி எழுதினார்கள். சண்டை முழுவதும் கால் வலுவோடு நிற்கிற மல்யுத்தக்காரர் விலகி நின்றால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறும். குத்து பயமுறுத்தினால்தான் எதிராளி கையை உயர்த்துவார், இடுப்பு நிமிரும், கால் கிடைக்கும்; மாயாவின் குத்துக்கு அந்த வயதில் யாரும் பயப்படவில்லை.

பழக நினைப்பவர்களுக்கு நம்ம ஊர் சங்கதிகள் சில. சொத்தவிளை, சங்குத்துறைக் கரையில் காய்ந்த மணலில் சிங்கிள் லெக் பாய்ச்சல் வேண்டாம். ஊன்றும் பாதம் புதையும், முழங்கால் மட்டும் திரும்பும், தசைநார் போகும். அலை நனைத்த இறுகின மணலில் பிடி வரைக்கும் பழகலாம், தூக்கி எறிவதைப் பாயில் வைத்துக்கொள்ளுங்கள். கோத்துப் போடும் ஈ.வி.ஏ. பாய் 20 மில்லிமீட்டர் தரைவேலைக்குப் போதும், எறிவதற்கு 40 வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் நமக்கு உண்டு என்பதால் பாய் காய்வதே இல்லை. படர்தாமரை ஒருவருக்கு வந்தால் ஒரு வாரத்தில் கூடம் முழுக்கப் பரவும். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு வெறும் தண்ணீரால் துடைக்கவும். வட்டமாகச் சிவந்த தடிப்பு தெரிகிற ஆள், எவ்வளவு பெரிய வீரனானாலும், வீட்டில் இருக்கட்டும் மக்கா.

கூண்டு இல்லையே என்று கவலை வேண்டாம். சுவரில் பாயைச் சாய்த்து, ஒருவர் முதுகைச் சுவரில் வைத்து நிற்க, மற்றவர் ஒற்றைக்காலைப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கலாம். மூன்று நிமிடச் சுற்று. முதல் சுற்றில் எதிராளி பாதி பலம் மட்டும். உட்லி செய்ததையும் ஒருவர் பழக வேண்டும், இல்லையென்றால் பிடிப்பவருக்குத் தன் ஓட்டை தெரியாது.

உஸ்மானிடம் தோற்றதோடு ஆள் முடிந்தார் என்று எழுதியவர்கள் உண்டு. 2019-இல் மூன்று வெற்றி. அக்டோபரில் சிங்கப்பூரில் பென் ஆஸ்க்ரென், ஒலிம்பிக் வரை போன மல்யுத்தக்காரர். அவர் உட்லி மாதிரி விலகவில்லை, தரைக்கு வந்தார். மூன்றாவது சுற்றில் மாயா அடியிலிருந்து புரட்டி, மேலேறி, முதுகெடுத்து நெரித்தார். அதோடு ஆஸ்க்ரென் ஓய்வை அறிவித்தார். மாயாவுக்கு அப்போது வயது 41. 2020 மார்ச்சில் பிரசீலியாவில், கொரோனாவால் ஆளில்லாத அரங்கில், கில்பர்ட் பர்ன்ஸின் குத்தில் விழுந்தார். 2021 ஜூனில் பெலால் முகமதுவிடம் புள்ளியில் தோற்றது அவருடைய கடைசி யு.எஃப்.சி. சண்டை. 39 சண்டையில் 28 வெற்றி.

அமெரிக்கச் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலையில் வரும், கோயிலில் பூசை நேரம். மாயாவைப் பொறுத்தவரை அந்தக் கஷ்டம் இனி இல்லை, பதிவாகவே பார்க்கலாம். முதலில் காண்டிட், பிறகு ஃபிட்ச், பிறகு உட்லி. உட்லி சண்டையைப் பார்க்கும்போது மாயாவின் கையை விட்டுவிட்டு உட்லியின் இடுப்பை மட்டும் பாருங்கள்.