1,750 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள்

இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்பளத்தில் எல்லாரும் பேசுவது மொத்தத் தொகையைத்தான். சூட்சுமம் இருப்பதோ அடிப்படைச் சம்பளத்தில்.

2024-ல் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வந்த வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) நீதிமன்றம் வரை போய், கடைசியில் 1,350 அடிப்படையில் நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவித்தார்கள். அதில் அடிப்படை 1,550 மட்டுமே. மிச்சம் 200 அரசு தரும் வருகைக் கொடுப்பனவு.

ஏன் இந்தப் பிரிப்பு முக்கியம்? தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம் கட்ட வேண்டும். இரண்டும் அடிப்படையோடு ஏறுபவை. அந்த 200 ரூபாயும் அடிப்படையில் சேர்ந்திருந்தால் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கு, இந்த நிதிகளில் 30 ரூபாய் கூடச் சேரும். மாதம் 25 பேர் விழுந்தால் 750 ரூபாய், முழுக்க முதலாளி கையிலிருந்து. கொடுப்பனவாகக் கொடுத்தால் இந்த வரவு கிடைக்காது. ஓய்வு பெறும் நாளில்தான் அந்த ஓட்டை தெரியும்.

அடுத்த சிக்கல் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்துக் கிலோ. நாட்சம்பளம் ஏறும்போது பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் ஏறுகிறது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அதாவது 1,550 அல்ல, 775! வறட்சியில், கவ்வாத்து வெட்டிய (செடியைக் கத்தரித்துவிட்ட) மலையில், புல் மண்டிய மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கிலோ வேறு.

சம்பளத் துண்டு கிடைத்ததும் முதலில் பேர்க் கணக்கு, பிறகு அரைப்பேர் எத்தனை, அதன் பிறகு சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். 25 முழுப்பேருக்கு அடிப்படை 38,750. உங்கள் பங்கு 8 வீதம், 3,100 கழிந்திருக்க வேண்டும்.