பவுடர் குடித்தேன், யூரிக் ஆசிட் அசையவில்லை

வலது கால் பெருவிரலில்தான் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணி. போர்வை உரசினாலே உயிர் போனது. காலையில் பார்த்தால் மூட்டு செக்கச்செவேலென்று வீங்கி, தொட்டால் சுட்டது. எங்கேயோ இடித்துக்கொண்டோம் போல என்று ஐஸ் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நொண்டினேன்.

ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 6.4. இது கூடினால் மூட்டில் படிகமாகப் படிந்து, கவுட் என்கிற இந்த வலி வரும். நார்மல் என்றார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது இந்த அளவு இறங்கிக் காட்டலாம், அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கணும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தபோது 8.9. ஆண்களுக்கு 7 வரை இருக்கலாம். அதே ரிப்போர்ட்டில் விட்டமின் டி 11. 20-க்குக் கீழே போனாலே குறைபாடு.

மைத்துனர் போனை நீட்டினார். டி குறைந்தவர்களுக்கு யூரிக் ஆசிட் கூடுதலாம். "டி-யை ஏத்துங்க அத்தான், அது தானா இறங்கிரும்." அப்படிச் சொல்லும் ஆய்வுகள் உண்டுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பது வேறு, ஒன்றால் மற்றது வருவது வேறு. உடம்பு பெருத்தாலே இரண்டும் வரும். என் தொப்பையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் அன்றைக்கு நம்பினேன்.

டாக்டர் எழுதியது 60,000 யூனிட் பவுடர், வாரம் ஒரு பாக்கெட், 8 வாரம். கொழுப்போடு போனால்தான் நன்றாகச் சேரும் என்பதால் ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் பாலில் கலக்கிக் குடிப்பேன். குடித்த தேதியை மனைவி காலண்டரில் சுழித்துவிடுவாள். வாரம் ஒன்றைத் தினம் ஒன்று என்று விழுங்கி, கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சாளை மீனில் டி உண்டு என்று படித்து, வாரம் மூன்று நாள் சாளைக் குழம்பு வேறு. யூரிக் ஆசிட்டை ஏற்றும் பியூரினும் அதே சாளையில் நிறைய என்று யார் கண்டது!

8 வாரம் முடிந்தது. டி 34. யூரிக் ஆசிட் 8.7.

வேறொரு டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "பிரஷருக்கு என்ன மாத்திரை?" என்றார். சட்டைப் பையில் இருந்த அட்டையைக் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். டெல்மிசார்டான், கூடவே 12.5 மில்லிகிராம் ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரைப் பெருக்கும் இந்த இரண்டாவது மருந்து, யூரிக் ஆசிட்டைச் சரியாக வெளியேற விடாது. நாலு வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இதோடு டி-யும் சேர்ந்தால் கால்சியம் ஏறலாம் என்று அதையும் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, 9.6-தான்.

மாத்திரையை லோசார்டானுக்கு மாற்றினார். யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் வெளியேற்றும் குணம் அதற்கு உண்டு. கூடவே யூரிக் ஆசிட் உருவாவதைக் குறைக்கும் பெபுக்ஸோஸ்டாட் 40, முதல் சில மாதம் வலி திரும்புவதைத் தணிக்கக் கோல்ச்சிசின். "மூட்டுல இருக்கிற படிகம் கரையும்போது திரும்ப வலிக்கலாம், பயந்து நிறுத்தாதீங்க" என்றார். மூன்றாவது வாரம் சொன்னபடியே வலித்தது. நிறுத்தவில்லை. மூன்று மாதத்தில் 5.6; 6-க்குக் கீழேயே இருக்க வேண்டுமாம்.

டி இப்போது மாதம் ஒன்று, எலும்புக்காக. 5.6 வந்த ரிப்போர்ட்டை மைத்துனரிடம் காட்டினேன்.

"நான் சொன்னேன்ல அத்தான், டி இப்பதான் வேலை செய்யுது."